ஒண்ணும் ஆகலை

வியாழன், இரவு.

போன வாரம் சிதம்பரத்தில் ஒரு பலசரக்குக் கடையில், சிந்திக் கிடந்த எண்ணெயில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். நஷ்டஈடு கேட்கலாமா என்று இன்று திருப்பாதிரிப்புலியூருக்குப் போய், வக்கீலாக இருக்கும் மனைவியின் தம்பியைப் பார்த்தேன்.

"விழுந்ததும் என்னா சொன்னீங்க மாமா?"

"ஒண்ணும் ஆகலைன்னு சொன்னேன்."

"கையி ஒடிஞ்சிருக்கு!"

"எல்லாரும் பாத்தாங்க மச்சான். கூச்சமா இருந்துச்சி."

"சரி, உடுங்க. தரையில எண்ணெ கெடந்தது கேமராவுல தெரியுமில்ல?"

வேறு யாரும் விழக் கூடாதே என்று நானே என் துண்டால், வலது கையால், அதைத் துடைத்துவிட்டதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"நீங்க அவுங்க கடையத் தொடைக்கிறதுதான் நல்லாத் தெரியும். கூலி வேணா கேட்டுப் பாப்போம்."

துண்டையாவது சாட்சியமாக வைக்கலாமா என்று கேட்டேன். அதை அவர் அக்கா அன்றே துவைத்துவிட்டாள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

திரும்பும்போது அவர் வீட்டு மாடிப்படியில் கால் இடறி உட்கார்ந்துவிட்டேன். அவர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "தெரியும் மாமா, ஒண்ணும் ஆகலை" என்றார்.

இப்போது முழங்கால் வீங்கியிருக்கிறது. என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டாள். அதையேதான் சொன்னேன்.