அக்காவுக்கு இமை ஒட்டிய மாதம்

மார்ச் 3, செவ்வாய்

துறைத்தலைவர் அறைக்குப் புதுத் திரைச்சீலை வந்திருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவன் என் பழைய மாணவன். என் தாளில் தட்டுத் தடுமாறித் தேறியவன். "சார், நீங்க நிம்மதியா பாடம் மட்டும் எடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான் இன்று. 'நிம்மதியா' என்ற சொல்லை அவன் இழுத்த விதத்தை மறக்க மாட்டேன்.

மனைவி ஒரு மாத அலுவலகப் பயிற்சிக்கு வெளியூர் போய்விட்டாள். கீழே நான், மாடியில் அக்கா. அக்காவுக்கும் எனக்கும் நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. வாசலில் எதிர்ப்பட்டால் அவள் என் செருப்பைப் பார்ப்பாள். நான் மின்சார மீட்டரைப் பார்ப்பேன்.

மார்ச் 5, வியாழன்

போனில் மனைவி என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாள்.

தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அக்கா நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தது தெரியும். இப்போது கதாநாயகியாம். அறுபத்தொரு வயதில். இயக்குநர் அவளிடம், "உங்க கண்ணு ரெண்டாவது வரிசையோட நின்னுடுது. கடைசி வரிசைக்குத் தெரியலேன்னா வேற ஆளைத்தான் போடணும்" என்று சொல்லியிருக்கிறார். அதனால் ஐலாஷ், கண்ணோரத்தில் ஒட்டும் செயற்கை இமைமுடி. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அதை ஒட்ட முடியாது. கண்ணாடியைக் கழற்றினால் அக்காவுக்குச் சுவரும் தெரியாது, அதில் மாட்டிய முகம் பார்க்கும் கண்ணாடியும் தெரியாது. இதுவரை ஒட்டிவிட்டவள் என் மனைவி.

"இனிமே நீங்கதான் ஒட்டணும்."

"நான் அவளோட பேசறதில்லை."

"பேசச் சொல்லலை. ஒட்டத்தான் சொன்னேன்."

முதுகலைப் பட்டம் இரண்டு, ஆய்வுப் பட்டம் ஒன்று. "சரி" என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

மனைவியின் மேசையில் கிடந்த பழைய ஒட்டு இமை ஒன்றை என் கண்ணிலேயே ஒட்டிப் பழகிப் பார்த்தேன். பசை தடவியதும் வைத்தேன். வழுக்கிக்கொண்டு போய்ப் புருவத்துக்குக் கீழே குடியேறிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கூரியர்காரர் மணியடித்தார். கையெழுத்து வாங்கும்வரை பொறுமையாக இருந்தவர், போகும்போது, "சார், அசையாம இருங்க. முகத்துல பூரான்" என்றார்.

மனைவியிடம் சொன்னேன். சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. பசையைத் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம். விரலில் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், நனையக் கூடாது. ஈரத்தில் ஒட்டாது, முழுக்கக் காய்ந்தாலும் ஒட்டாது.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா கீழே வந்தாள். சாப்பாட்டு மேசைமேல் போனை நிறுத்தி, ஸ்பீக்கரில் மனைவியை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினோம்.

"அவளைக் கண்ணாடியைக் கழட்டச் சொல்லு" என்றேன் போனிடம்.

"அண்ணி, கண்ணாடியைக் கழட்டுங்க."

"கழட்டி அரை மணி ஆச்சுன்னு அவன்கிட்ட சொல்லு."

"கழட்டிட்டாங்களாம்."

"எனக்குக் காது கேக்குது."

புது ஒட்டு இமையை அக்காவின் கண்ணோரம் வைத்து அளந்தேன். நீளமாக இருந்தது, வெளி முனையில் கொஞ்சம் கத்தரித்தேன். பசை தடவினேன். ஊதினேன். பசை பதமாகும்வரை இருவரும் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதம் வந்தது. ட்வீசர் என்கிற சின்ன இடுக்கியில் ஒட்டு இமையைப் பிடித்து, அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் என் முகத்தைக் கொண்டுபோனேன். அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழே பார்க்கச் சொல்லு."

போன் பேசவில்லை. இணைப்பு போய்விட்டது. பசையோ காய்கிறது. என்ன செய்வேன்?

"கீழே பார்" என்றேன்.

நாலு வருஷத்தில் முதல் வார்த்தை. யாரோ தொண்டைக்குள்ளிருந்து தள்ளிவிட்டது போல வந்தது. அக்கா கீழே பார்த்தாள். முதலில் நடுவில் வைத்தேன், அப்புறம் மூக்குப் பக்கம், அப்புறம் வெளிப்பக்கம். அழுத்தினேன். பிடித்துக்கொண்டது.

"அடுத்த கண்ணுக்கும் போன் பண்ணித்தான் சொல்லுவியா?" என்றாள்.

மார்ச் 9, திங்கள்

படியில் அக்கா என் சட்டைக் காலர் வரைக்கும் பார்த்தாள். செருப்பிலிருந்து நல்ல முன்னேற்றம்.

மார்ச் 14, சனி

அவமானம். வேடமணிந்த ஒத்திகையில், கணவனை விட்டுப் பிரியும் காட்சியில், அக்காவின் இடது இமை கழன்று கணவனாக நடிப்பவரின் தோளில் விழுந்துவிட்டது. அவர் பூச்சியென்று அதைத் தட்டிவிட்டாராம். கூடம் முழுக்கச் சிரிப்பு. இன்னொரு முறை நடந்தால் வேறு ஆள் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

தப்பு என்னுடையதுதான். நேற்றுப் பழகிவிட்டுக் கழற்றியபோது, வலிக்கக் கூடாதே என்று எண்ணெயைத் தாராளமாக விட்டேன். ஒட்டு இமையின் அடிப்பட்டையிலும் எண்ணெய், அவள் கண்ணோரத்திலும் எண்ணெய். இன்று அதன் மேலேயே பசை! எப்படி நிற்கும்?

திட்டுவாள் என்று காத்திருந்தேன். "போடா, அவர் பயந்து குதிச்சதை நீ பாத்திருக்கணும்" என்றாள்.

'டா' என்றாள்.

மார்ச் 18, புதன்

கழற்றுவதுதான் பெரிய வித்தை. பஞ்சைக் கொஞ்சமாக எண்ணெயில் நனைத்து, கண்ணை மூடச் சொல்லி, இமையோரத்தில் வைத்து அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். தேய்க்கக் கூடாது. பசை தானாக இளகும். பிறகு வெளி முனையிலிருந்து மெல்ல உரிக்க வேண்டும். பிடுங்கினால் சொந்த முடியும் சேர்ந்து வரும். முடிந்ததும் முகத்தை நன்றாகக் கழுவ வேண்டும். பட்டையில் ஒட்டிய பழைய பசையை உருவிவிட்டு, எண்ணெய் போகத் துடைத்து, அதன் பெட்டியில் உள்ள வளைவில் வைக்க வேண்டும்.

இன்று எல்லாம் சரியாகச் செய்தேன். கல்லூரியில் எவனும் இப்படி ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்ததில்லை.

மார்ச் 21, சனி

நாடகம். போக மாட்டேன் என்றுதான் இருந்தேன். இமை நிற்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அதற்காக மட்டும் போனேன். கடைசி வரிசை, தூண் ஓரம். பிரியும் காட்சி வந்தது. அக்கா பேசவில்லை. மெதுவாகக் கண்ணை உயர்த்தி அந்த மனிதரைப் பார்த்தாள். தூண் ஓரம் வரைக்கும் வந்தது அந்தப் பார்வை. என் பக்கத்தில் இருந்தவர் மூக்கை உறிஞ்சினார். நான் உறிஞ்சவில்லை, கைக்குட்டை இருந்தது.

வீட்டில் பஞ்சை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன். எனக்கு ஆய்வுப் பட்டம் கிடைத்த விருந்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், 'இவன் பேச ஆரம்பிச்சா மின்விசிறியும் கொட்டாவி விடும்' என்று ஏன் சொன்னாள்?

"அப்படியா சொன்னேன்?" கண்ணை மூடியபடியே யோசித்தாள். "நல்லாத்தான் சொல்லியிருக்கேன்."

"அக்கா."

"இதுக்கா நாலு வருஷம் பேசலை? நான் வேற என்னமோன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"வேற என்ன?"

"சொல்ல மாட்டேன்டா. சொன்னா அதுக்கும் நாலு வருஷம் பேச மாட்டே."

கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சு நழுவி அவள் மடியில் விழுந்தது. அவளும் சிரித்தாள், ஒரு கண்ணில் இமையோடு, ஒரு கண்ணில் இல்லாமல்.

ஏப்ரல் 3, வெள்ளி

மனைவி நேற்றுத் திரும்பிவிட்டாள். இன்று வேறோர் அரங்கில் மறுபடி நாடகம். பழைய வழக்கப்படி அவளே ட்வீசரை எடுத்திருக்கிறாள். அக்கா, "அவன் எங்கே?" என்று கேட்டாளாம். இன்னும் கல்லூரியிலிருந்து வரவில்லை என்றதற்கு, "அப்ப இருப்போம். உனக்கு வலது கண்ணு கோணலா வரும்" என்றாளாம். மனைவி இதைச் சொல்லும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், கண் மட்டும் சிரித்தது.

நான் அப்போது துறைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். என் மாணவன், அதாவது தலைவர், பேசிக்கொண்டே இருந்தார். எழுந்து நின்றேன்.

"மன்னிக்கணும். நான் கிளம்பணும். எங்க அக்காவுக்கு ஐலாஷ் ஒட்டணும்."

அறை முழுக்கச் சிரிப்பு. யார் யார் சிரித்தார்கள் என்று பார்க்கவில்லை. நேரமில்லை.