வளியும் வலி மாத்திரையும்

2015 செப்டம்பர் 2
முட்டுவலி. ஏசுஅடிமையின் மருந்துக்கடை முன்னால், பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி நின்றேன். அவன் என் பழைய மாணவன், கேட்காமலே மாத்திரையைக் காகிதத்தில் மடித்துத் தந்தான். இனி இதைத் தொடமாட்டேன் என்று ஜனவரியில் மனைவி தங்கபாயிடம் வேதப்புத்தகத்தின் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறேன். கைவைத்துச் சொல்லவில்லை. பக்கத்தில்தான்.

செப்டம்பர் 8
ஆஸ்பத்திரி. கையெழுத்து கோணல்.

நேற்று மத்தியானம் சோறும் சாளை மீன்கறியும் சாப்பிட்டு எழுந்தேன். வயிற்றில் யாரோ கத்தியை இறக்கியது போல. இரைப்பைப் புண் ஓட்டையாகிவிட்டதாம். உடனே அறுவை. தங்கபாய் வெளியே போன நேரத்தில் சர்ஜன் எட்சன் கேட்டார், "வலி மாத்திரை உண்டா சார்?"

"எப்போதாவது."

"எப்போதாவதுன்னா?"

"தினமும்."

இன்று காலை வந்து, "உங்க கொழுப்ப வச்சே ஓட்டைய அடைச்சாச்சு" என்றார். என் கொழுப்பைப் பற்றிக் குடும்பத்தில் பல கருத்துகள் உண்டு. உபயோகமானது இதுவே முதல் தடவை.

இதே அறுவைக்கு மைத்துனர் ஆபேல் ஒரு காலத்தில் பத்து நாள் படுத்துக் கிடந்தார், பாதி நாள் பட்டினி. எனக்கு இன்றே மூக்குக் குழாயை எடுத்து, நாற்காலியில் உட்காரவைத்து, கட்டிலைச் சுற்றி நடக்கவிட்டார்கள். சுவரில் ஒரு தாள்: உட்கார்ந்தது, நடந்தது, குடித்தது, வாயு. ஒவ்வொன்றுக்கும் கட்டம். சீக்கிரம் எழுந்தால் சீக்கிரம் வீடு. மூன்று மடக்கு தண்ணீருக்கு ஒரு டிக். இவ்வளவு எளிதாக நான் யாருக்கும் மார்க் போட்டதில்லை.

செப்டம்பர் 9
நர்ஸ் லிஜா வாசலில் நின்றே கேட்டாள், "சாரே, வளி போச்சா?"

வகுப்பில் 'வளிமண்டலம்' என்றால் பின்பெஞ்சு சிரிக்கும். பழைய புலவர்களுக்கு வளி என்றால் எல்லாக் காற்றும். எங்கள் ஊருக்கு ஒரே ஒரு காற்று. போகவில்லை என்றேன். குடல் விழிக்கட்டும் என்று சூயிங்கம் தந்தாள். ஓய்வுபெற்ற தமிழாசிரியன், சூயிங்கம், தினம் மூன்று வேளை.

என் அக்கா குளோரி வந்தாள். உட்காருமுன்பே, "ஏலே மக்கா, இவளுக்க மீன்கறிதாம்ல உனக்க வயித்த ஓட்ட போட்டுட்டு! மொளவு வத்தல அப்பிடி அரைச்சி ஊத்துனா பின்ன என்ன ஆவும்?"

தங்கபாய் என்னைப் பார்த்தாள். நான் மென்றுகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 10
வராந்தாவில் நான்கு சுற்று. தங்கபாய் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நேற்று முழுக்க அவள் எதுவும் சாப்பிடவில்லை என்று லிஜா சொல்லித்தான் தெரியும்.

எனக்குக் குழைந்த சோறு. புண் ஆற முட்டையும் மீனும் வேண்டும், காரமில்லாமல் வைத்துக் கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர்.

"நான் இனி மீன் வைக்கமாட்டேன் டாக்டர்," என்றாள். "எனக்க கையால ஒரு மனுசன் சாவக் கிடந்துட்டாரு."

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? வயிற்றைத் திறந்து காட்டியாயிற்று. வாயைத் திறக்க இவ்வளவு பயமா?

செப்டம்பர் 11
விடிகாலை. போயிற்று. லிஜா கைதட்டினாள். டிக்.

பதினோரு மணிக்குப் போதகர் வந்தார். அக்கா முந்திக்கொண்டாள்: "ஐயா, இவளுக்க கைக்கு ஒரு பக்குவத்தக் குடுக்கும்படியாட்டு ஜெபியுங்க."

போதகர் கண்ணை மூடினார். பக்குவம் கேட்டார். தங்கபாய் தலையைக் குனிந்து "ஆமென்" என்றாள்.

அந்த ஆமென். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் இன்னும் மென்றுகொண்டே இருந்திருப்பேன்.

"ஐயா, நிறுத்துங்க," என்றேன். "விலாசம் தப்பு. எட்டு மாசமாட்டு தினம் ரெண்டு வலி மாத்திர தின்னேன். இவளுக்குத் தெரியாது. ஓட்ட போட்டது அதுதான். டாக்டருக்குத் தெரியும். கறி ஒரு பாவமும் செய்யல."

போதகர் கண்ணைத் திறக்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"எட்டு மாசமாட்டா?" என்றாள் தங்கபாய்.

அக்காவுக்குத் திடீரென்று பஸ் நேரம் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் நடக்கும்போது தங்கபாய் கையைப் பிடிக்கவில்லை. பத்தடி முன்னால் போனாள். எட்டிப்பிடிக்கப் போய் ஆறு சுற்று. டாக்டருக்கு மிகுந்த திருப்தி.

செப்டம்பர் 13
வீடு. அறுவை முடிந்து ஆறாம் நாள். ஆபேல் மைத்துனர் நம்ப மறுக்கிறார்.

செப்டம்பர் 14
பேச்சில்லை. சாப்பாடு உண்டு.

செப்டம்பர் 16
பேச்சில்லை. மேசை இழுப்பறை, சட்டைப் பைகள், புத்தக அலமாரியின் பின்பக்கம் எல்லாம் சோதனை. அகராதிக்குள் இருந்த மாத்திரை அட்டையும் அகப்பட்டது.

செப்டம்பர் 20
அக்கா போன் செய்தாள். நான்தான் எடுத்தேன். "அவள்ட்ட குடு" என்றாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் இப்படிக் கேட்டதே இல்லை. கொடுத்துவிட்டு முற்றத்தில் நடக்கப் போனேன்.

"ஆமா மைனி... பொஸ்தகத்துக்குள்ள, மைனி!... பின்னே, வாத்தியாருல்லா!"

பதினைந்து சுற்று முடிந்தும் பேச்சு முடியவில்லை. என் பெயர் ஏழெட்டுத் தடவை காதில் விழுந்தது, ஒரு தடவையும் மரியாதையாக இல்லை. பிறகு தங்கபாய் சிரித்தாள். ரொம்ப நேரம்.

உள்ளே போகவில்லை. இன்னும் ஐந்து சுற்று நடந்தேன்.