முறைத்தாளில் உங்கள் பெயர்

என் பாசத்துக்குரிய சலீம் அண்ணாவுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. இன்றைக்குத்தான் நம் கணினிப் பயனர் குழு மறுபடியும் கூடியது. நீங்கள் இல்லாமல் நடந்த முதல் கூட்டம். எத்தனை பேர் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்காமல் உங்களால் இருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஒன்பது பேர் வந்தார்கள். மலைமேல் ஜமுனாமரத்தூரில் விதைக்கடைக்கு மேலே அதே அறைதான். கடைக்காரர் பாதி அறையில் புளி மூட்டைகளை அடுக்கிவிட்டார். சும்மா கொடுக்கிறவரிடம் என்ன பேச முடியும்? மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். கரண்ட் இருந்தது, நெட் இல்லை. ஒருவர் தன் பழைய கம்ப்யூட்டரைக் கோணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். "பாய் இருந்தா பத்து நிமிஷத்துல பாத்துடுவாரு" என்றார். பிறகு கோணியைத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

கூட்டம் முடியும்போது கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் முறைத்தாளைப் பார்த்தோம். எந்த மாதம் யார் பாடம் நடத்துவது என்று பெயர் எழுதும் தாள். அடுத்த மாதம் ஏழுமலை வாத்தியார் முறை. அன்றைக்கு அவருக்குப் பள்ளிக்கூட வேலை இருக்கிறதாம். பேனாவை வாங்கினார், தன் பெயரை அடித்தார், பக்கத்தில் 'சலீம் பாய்' என்று எழுதினார்.

எழுதி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"இன்னா சார் பண்றீங்க?" சாமை விவசாயிகள் சங்கத்து வனிதா எழுந்து நின்றுவிட்டாள். "செத்தவரக்கூட வுட மாட்டீங்களா?"

"பழக்கம் மா... கை தானா எழுதிடுச்சு" என்றார் வாத்தியார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஆளாளுக்கு அவரைத் திட்டினார்கள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழக்கத்துக்கு நீங்களும் ஒரு காரணம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்களா? 'முடியாது' என்ற சொல்லைப் படிக்காமலே பள்ளிக்கூடம் முடித்தவர் நீங்கள். வாணியம்பாடியில் தோல் கம்பெனி ஆபீஸில் வாரம் ஆறு நாள் கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, மாதம் ஒரு ஞாயிறு ஆலங்காயம் வழியாக பஸ் ஏறி எங்களிடம் வருவீர்கள். லினக்ஸ் போட்டுக் கொடுத்தீர்கள், தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லிக் கொடுத்தீர்கள். வந்தவர்கள் டிவி பெட்டியைக் கொண்டுவந்தாலும் திறந்து பார்த்தீர்கள்.

"இது பயனர் குழுவா, ரிப்பேர் கடையா?" என்று நான் சண்டை போடுவேன். வேலை முடிந்ததும் கைதட்டிவிட்டுப் போகிறவர்கள் அடுத்த மாதம் நாற்காலி எடுத்துப் போடக்கூட வருவதில்லை. பாடம் நடத்துகிறேன் என்று பெயர் கொடுத்தவர்கள் நாள் நெருங்கும்போது தட்டிக் கழிப்பார்கள். தாளில் தன் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதுவார்கள். அதைப் படம் எடுத்து போனில் குழுவுக்கு அனுப்புவது என் வேலை. படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் வந்து நிற்பீர்கள். யார் எழுதியது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று எல்லோரையும் நான் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன், உங்களுக்கே தெரியும்.

இனி எழுதப் போவது உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் கடைசியாக வந்த மாதம், முறை என்னுடையது. ஒரே கடிதத்தை நூறு பேர் பெயருக்குத் தனித்தனியாக அச்சடிப்பது எப்படி என்று சொல்லித்தர வேண்டும். என் ஜெராக்ஸ் கடையில் நான் தினமும் செய்கிற வேலை. ஆனாலும் நாலு பேர் முன்னால் நின்று பேச வேண்டுமே. ஊரையே திட்டுகிற குமாரிக்கு அப்படியொரு பயம். யாரும் இல்லாதபோது அறையைத் திறந்தேன், என் பெயரை அடித்தேன், உங்கள் பெயரை எழுதினேன். நானே படம் எடுத்து நானே அனுப்பினேன்.

அன்றைக்கு நீங்கள் மாடிப்படியில் இரண்டு தடவை நின்று நின்று ஏறினீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடம் நடத்தினீர்கள். நடுவில் என்னைப் பார்த்து, "நீ சொல்லு மா, உனக்குத்தான் நல்லாத் தெரியுமே" என்றீர்கள். "நீங்களே சொல்லுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, டீ வாங்கப் போகிற சாக்கில் நான் கீழே இறங்கிவிட்டேன். பத்தாம் நாள், மாரடைப்பு என்று செய்தி வந்தது.

ஏழுமலை வாத்தியாரும் நானும் உங்கள் வீட்டுக்கு வந்தோம். உங்களை இழந்த பாபி, கணவன் போன பெண்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்ததால் வெளி ஆண்கள் பார்க்கக் கூடாது. வாத்தியார் உங்கள் தம்பியோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் உள்ளே போனேன். பாபி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"டாக்டர் மலை ஏறவே கூடாதுன்னு சொன்னாரு மா. நானும் எவ்ளோ சொல்லிப் பாத்தேன். 'பேரு எழுதி வெச்சிக்கிறாங்க, நான் போவலன்னா அவ்ளோ தூரம் நடந்து வந்தவங்க இன்னா பண்ணுவாங்க'ன்னு கிளம்பிட்டாரு." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "யாரு மா அவரு பேர எழுதறது?"

"தெரியலிங்க பாபி" என்றேன்.

அண்ணா, நான் அப்படித்தான் சொன்னேன். உங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து, அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அப்படிச் சொன்னேன். வெளியே வந்ததும் வாத்தியார், "பாபி இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார். அழுதார்கள் என்று மட்டும் சொன்னேன்.

மூன்று மாதமாக இந்தக் கேள்விகள்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. டாக்டர் சொன்னதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விழுந்தடித்துக்கொண்டு என் பெயரைத் திரும்ப எழுதியிருப்பேனே. அந்தப் பயணம் இல்லாவிட்டால் இன்றைக்கு இருந்திருப்பீர்களா? இல்லை, எப்படியும் நடந்திருக்குமா? அது என் கையெழுத்து என்று உங்களுக்குத் தெரிந்துதான் "நீ சொல்லு மா" என்றீர்களா?

இன்றைக்கு எல்லோரும் வாத்தியாரைத் திட்டும்போது, இதையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. "அவர வுடுங்க. கடைசியா பாய் வந்த மாசம் அவரு பேர எழுதினது நான்தான்" என்றேன். பாபி சொன்னதையும் சொன்னேன். நாலு பேர் முன்னால் நின்று நான் பேசியது அதுதான் முதல் தடவை.

வனிதா தலையைக் குனிந்துகொண்டாள். வாத்தியார், "நான் இதுக்கு முன்னால நாலு வாட்டி எழுதிக்கிறேன் மா" என்றார். "நானும்" என்று மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்கு அதில் ஆறுதல் எதுவும் இல்லை. அவர்கள் எழுதியபோது நீங்கள் நன்றாக இருந்தீர்கள்.

குழுவைக் கலைத்துவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். பாய் இல்லாமல் யார் நடத்துவது என்றார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். நீங்கள் ஒரு ஆள் எங்களைச் சுமந்ததைத்தான் குழு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனாலும் ஒரு மாதம் பார்ப்போம் என்று முடிவானது. முறைத்தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டினோம். அவரவர் பெயரை அவரவர்தான் எழுத வேண்டும், இன்னொருவர் பெயரை யாரும் எழுதக் கூடாது. அடுத்த மாதத்துக்கு நேராக என் பெயரை எழுதியிருக்கிறேன். நூறு பேர் வருவார்களோ, நாலு பேர் வருவார்களோ, நான் நடத்துவேன்.

அது எனக்குப் பெரிதில்லை அண்ணா. ஒன்பது பேரிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியவரிடம் இன்னும் சொல்லவில்லை. பாபி இப்போதும் வாரம் ஒருமுறை போன் பண்ணி, "நல்லா இருக்கியா தங்கச்சி?" என்று கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போகிறது.

இந்தக் கடிதத்தை வேறு யார் படிப்பதற்கும் முன்னால், நாளைக்கு முதல் பஸ்ஸில் வாணியம்பாடி போகிறேன். பாபியின் முன்னால் உட்கார்ந்து, "எழுதினது நான்தான் பாபி, அன்னிக்குப் பொய் சொன்னேன்" என்று சொல்வேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். அவர் என்ன சொன்னாலும், எவ்வளவு நேரம் சொன்னாலும், டீ வாங்கப் போகாமல் உட்கார்ந்து கேட்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அதற்குப் பிறகும் அந்த வீட்டில் எனக்கு இந்தப் பெயர் இருக்குமா என்று தெரியாமல்,

உங்கள் தங்கச்சி
குமாரி