கைநாட்டின் மேல் ஒரு கையெழுத்து

அன்புள்ள பெரியவன் அம்மாவுக்கு,

நலமா? எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். முழுக்க நானே எழுதியது!

தலையில் வெடித்த ரத்தக்குழாயை அடைத்துவிட்டதாகப் போனில் சொன்னார்களே, அதற்கு ஏழாம் நாள் மற்ற குழாய்கள் சுருங்கி எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, மருந்து செலுத்தி விரித்தார்கள். பயப்படாதே, இப்போது நன்றாகப் பேசுகிறேன்.

கோபமெல்லாம் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்த கட்டட வேலை மேஸ்திரி மேல்தான். குழாய் விடுவதற்கு முன் சம்மதத் தாள் வந்ததும், "கெழவனுக்கு எழுத்தா தெரியும்? மை கொண்டாங்க" என்று என் கட்டைவிரலைப் பிடித்து அழுத்திவிட்டான். பேச்சு வராமல் முறைத்தேன். இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது இதற்கா?

பேச்சு திரும்பியதும் அந்தத் தாளைத்தான் கேட்டேன். மைக்கறை மேலேயே முழுப்பெயரையும் எழுதினேன்.

"இப்ப எதுக்கு தாத்தா?" என்றாள் நர்ஸ்.

"தலை என்னுதும்மா."

என் பழைய கண்ணாடியை அனுப்பு. இங்கே பேச ஆளில்லை, எழுதத்தான் முடிகிறது. அடுத்த வாரக் கடிதத்தில் வரிகள் நேராக நிற்கின்றனவா என்று நீதான் பார்த்துச் சொல்லவேண்டும்.