கடைசி ஒன்றரை நிமிடம்

சிகாகோ
5 பிப்ரவரி 1973

என் டிஷா அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகமா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு உன் டீலி எழுதுறேன். போன் பண்ண பயமா இருக்கு. உங்க தெருவுல நாலு வீட்டுக்கு ஒரே லைன். எப்போ எடுத்தாலும் பக்கத்து வீட்டு மிசஸ் டப்ஸ் ஒட்டுக் கேட்டுக்கிட்டு மூச்சு விடுற சத்தம் கேக்குது.

என் ரெண்டாவது ஆல்பத்துக்கு விமர்சனம் வந்தாச்சு. முதல் ஆல்பத்தைத் தலையில தூக்கி வச்சு ஆடின அதே ஹார்வி லிண்டல் இப்போ என்ன எழுதியிருக்கான் பாரு: "ஒன்பது பாடல்கள் வரை இந்தப் பெண் தன்னையே காப்பியடிக்கிறாள். பத்தாவது பாட்டின் கடைசி ஒன்றரை நிமிடம், வார்த்தையே இல்லாத அந்த ஹம்மிங், அங்கேதான் நிஜமான ஆர்டீலியா பிக்கன்ஸ் இருக்கிறாள்." இன்னும் ரெண்டு பத்திரிகையும் இதையேதான் சொல்லுது.

அக்கா, அந்த ஒன்றரை நிமிஷம் நீ. மெம்பிஸ் ஸ்டுடியோவுல என் தொண்டை கட்டிக்கிச்சு. எனக்கு சூப் கொண்டுவந்த நீ எனக்குப் பதிலா மைக் முன்னாடி நின்னே. "வார்த்தை இல்லாதது எப்படிடி சபைக்கு ஆகாத உலகப் பாட்டாகும்? ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்"னு நீதான் சிரிச்சே. ஆல்பம் அட்டையில உன் பேர் வேண்டாம்னும் நீதான் சொன்னே.

மார்ச் 2 வெள்ளிக்கிழமை இங்கே பெரிய தியேட்டர்ல கச்சேரி. லிண்டல் முன்வரிசையில உக்காரப் போறான், அந்த ஹம்மிங்கைக் கேக்கத்தான். எனக்கு அது வரலை அக்கா. கதவைச் சாத்திக்கிட்டுப் பாடிப் பாத்துட்டேன், பூனை கத்துற மாதிரி இருக்கு. நீ வந்து திரைக்குப் பின்னால நிப்பியா?

பயந்து சாகுற
டீலி

ஹாலிஸ் லேண்டிங், மிசிசிப்பி
14 பிப்ரவரி

அடி டீலி கண்ணு,

திரைக்குப் பின்னாலயா? நல்லா இருக்குடி! இங்கே நானே மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.

சனிக்கிழமை பார்லர்ல சூட்டுச் சீப்பால என் சுருட்டை முடியை நீவி நேராக்கிக்கிட்டு இருந்தாங்க. ரேடியோவுல உன் பாட்டு. "நம்ம பிக்கன்ஸ் பொண்ணு"ன்னு எல்லாருக்கும் ஒரே பெருமை. கடைசியில ஹம்மிங் வந்தது பாரு, நம்ம சபை சிஸ்டர் கேதர், முடி காய வைக்கிற டிரையர் கூண்டுக்குள்ள இருந்து தலையை நீட்டினா.

"சத்தத்தைக் கூட்டுங்கடி. இது டீலி இல்லையே!"

"பின்ன யாராம்?"

"மூணாவது இழுப்புல குரலை உடைச்சுக் கீழ விடுறா பாரு. மாசாமாசம் முதல் ஞாயித்துக்கிழமை ஜெபத்துக்கு முன்னாடி இருபத்திரண்டு வருஷமா நான் கேக்குற குரல் இது. என்ன லுட்டிஷா, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அக்கா தங்கச்சி குரல் ஒரே மாதிரிதான் இருக்கும்"னேன். சீப்பு காதைச் சுட்டுடுச்சு. கத்தக்கூடத் தோணலை.

வார்த்தை இல்லைன்னா ஆள் யாருன்னு தெரியாதுன்னு நினைச்சேனே, என்னைச் செருப்பால அடிக்கணும். நம்ம சபையில கண்ணை மூடிக்கிட்டே இன்னார் ஹம்மிங்னு சொல்லிடுவாங்க. கேதர் போதகர்கிட்ட போயிட்டா. மார்ச் 4, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் நான் சபை முன்னாடி வலது கையைத் தூக்கிப் பதில் சொல்லணும். சாராயக்கடையில ஓடுற பாட்டைப் பாடினவளுக்குப் பாடகர் குழுவுல இடம் கிடையாது. பிள்ளையில்லாத எனக்கு இருக்கிறது அந்த இடம் ஒண்ணுதான். அதுவும் போனா நான் யாருடி?

ஆமான்னா என் இடமும் போச்சு, உன் பேரும் போச்சு. இல்லைன்னா ஆண்டவர் முன்னாடி பொய். நான் என்ன பண்ணட்டும், சொல்லு.

லுட்டிஷா

சிகாகோ
21 பிப்ரவரி

அக்கா,

இல்லைன்னு சொல்லிடு. உன் கால்ல விழறேன். லிண்டலுக்குத் தெரிஞ்சா நார்நாராக் கிழிச்சுடுவான். மூணாவது ஆல்பம்னு பேச்சே இருக்காது. கச்சேரியை நான் எப்படியாவது சமாளிச்சுக்கிறேன். ஒரே ஒரு வார்த்தை, எனக்காக.

டீலி

சிகாகோ
3 மார்ச், சனிக்கிழமை காலை

என் அக்கா,

போன கடிதத்தைக் கிழிச்சுப் போடு. இல்லைன்னு சொல்லாதே!

நேத்து பத்தாவது பாட்டுல வார்த்தை முடிஞ்சது. வாத்தியமெல்லாம் நின்னு போய் எல்லாரும் என் மூஞ்சியையே பாக்குறாங்க. வாயைத் திறந்தேன், வெறும் காத்து. மேல் பால்கனியில இருந்து ஒரு அம்மா, நம்ம சபையில சொல்ற மாதிரியே, "அவசரமில்லை கண்ணு, நிதானமா பாடு"ன்னாங்க. அதைக் கேட்டதும் நீ கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறது கண்ணுக்குள்ள வந்துடுச்சு. என் பயத்துக்கு உன்னைப் பொய் சொல்லச் சொன்ன நான் என்ன பிறவி!

சொல்லிட்டேன் அக்கா. "நீங்க கேக்க வந்தது என் குரல் இல்லை. மிசிசிப்பியில இருக்கிற என் அக்கா லுட்டிஷா போலிங்கோட குரல்"னு மைக்கிலயே சொல்லிட்டேன். அப்புறம் கைதட்டலா கூச்சலான்னே தெரியலை. லிண்டல் மேடைக்குப் பின்னால என்னைத் தேடி வந்து, "உங்க அக்கா பேரை இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னு எழுதிக்கிட்டான். திங்கட்கிழமை பேப்பர்ல வருதாம்.

உன்னைக் கேக்காமலே உன் பேரைப் போட்டு உடைச்சதுக்கு என்னைத் திட்டு, அடி. ஆனா நாளைக்கு ஆமான்னு சொல்லு. இடம் போனாலும் பொய் சொன்னவள்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. ரெண்டு தடவை போன் பண்ணினேன், மிசஸ் டப்ஸ்தான் "யாரு, யாரு"ன்னா. வச்சுட்டேன். இதை எக்ஸ்பிரஸ் தபால்ல போடுறேன். ஞாயித்துக்கிழமை காலையில கையில கிடைச்சுடும்னு போஸ்ட் ஆபீஸ்ல சத்தியம் பண்றாங்க.

உன் டீலி

ஹாலிஸ் லேண்டிங்
4 மார்ச், ஞாயிறு சாயங்காலம்

என் தங்கத்துக்கு,

முடிஞ்சதுடி! இனிமே நீ ஒண்ணுக்கும் பயப்பட வேண்டாம்.

சபை நிறைஞ்சு வழிஞ்சது. போதகர் கேட்டார். வலது கையைத் தூக்கி, "அந்தக் குரல் என்னோடது இல்லை, ஆண்டவர் சாட்சி"ன்னேன். "இல்லைன்னு சொல்லிடு"ன்னு நீ எழுதின கடிதத்தைக் கைப்பைக்குள்ள வச்சிருந்தேன், அதான் தைரியம். "லுட்டிஷா ஆண்டவரைச் சாட்சி வச்சா, அதுக்கு மேல பேச்சில்லை"ன்னு சொன்ன போதகர், கேதரை எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்க வச்சார். அவ என்னைக் கட்டிக்கிட்டு அழுதா டீலி. நான் அவ முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

இடம் தப்பிச்சது. உன் பேரும் தப்பிச்சது. பொய்யை நானும் ஆண்டவரும் பேசிக்கிறோம். உலகத்துல வேற யாருக்கும் இது தெரியப் போறதில்லை.

கச்சேரி எப்படி இருந்துச்சு? நாங்க காலையிலேயே சபைக்குக் கிளம்பிட்டோம். திரும்பி வந்தா கதவுல தபால்காரர் சீட்டு செருகிட்டுப் போயிருக்கார், எக்ஸ்பிரஸ் கடிதமாம். உனக்கு எதுக்குடி இந்த வீண் செலவு? நாளைக்குப் போஸ்ட் ஆபீஸ் திறந்ததும் போய் வாங்கிக்கிறேன். நல்லா பாடினேன்னுதானே எழுதியிருப்பே.

உன் அக்கா
லுட்டிஷா