மூன்றாவது பாட்டின் மேளம்

இன்று காலை என் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்ட ஒரு ஆள் வந்தான். திருநகரில் எங்கள் தெருக்கோயிலில் முளைப்பாரி. ஒயர் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்ததால், "அண்ணே, அஞ்சு நிமிசம் பிளக் பாயிண்ட் குடுங்க, பத்த வச்சுக்கிறேன்" என்று கேட்டு என் வாசல்படியில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்தான். ஈயத்தோடு உருகும் ரோசன் பிசினின் புகை வீட்டுக்குள் வந்தது. சமயநல்லூரில் உன் சவுண்ட் சர்வீஸ் குடோனில் எப்போதும் அடிக்கும் அதே வாசனை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ செத்து ஐந்து மாதம் ஆகிறது. போனவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவதுதான் வழக்கம். எனக்கு அந்த வழக்கம் வேண்டாம். உன்னோடு ஒரு சண்டை பாதியில் நிற்கிறது, அதை முடிக்க எழுதுகிறேன்.

உன்னை நான் தேடி வரவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகனுக்குக் காதுகுத்து, மைக் செட் பேச வந்தேன். நீ ஆளுயர ஸ்பீக்கர்ப் பெட்டி ஒன்றை வெளியே வைத்து ஏதோ ஒரு பாட்டைப் போட்டு அதன் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். பக்கத்துக் கடைத் தகரம் அதிர்ந்தது. என்ன பாஷை என்று கேட்டேன். "பிரேசில். குப்பத்துப் பயலுக வீட்லயே உக்காந்து போடுறது. போன வாரந்தான் வந்துச்சு. பெட்டி தாங்குமா தாங்காதான்னு பாக்க இதவிட்டா பாட்டு கிடையாது" என்றாய். காதுகுத்தைப் பேசி முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. பிறகு இரண்டு மணி நேரம் நான் அங்கேயேதான் இருந்தேன். கே.கே. நகர் ஸ்கேன் சென்டரில் அன்று எனக்கு அரை நாள் லீவு போனது.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் காலை ஏழு மணிக்கு உன் குடோன். அந்த வாரம் பிரேசிலில் வெளியானதில் ஒன்றை எடுப்போம். ஒரே ரெக்கார்டை மூன்று தடவை கேட்க வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். முதலில் குழாயில், அப்புறம் பெட்டியில், கடைசியாகக் காதில் மாட்டி. "குழாய்ல நிக்காத பாட்டு கல்யாண வீட்லயும் நிக்காது, மனசுலயும் நிக்காது" என்பாய். முடிந்ததும் இரண்டு பேரும் பேசிப் பதிவு செய்து நம் வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். இருபத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். மதுரையில் இருந்துகொண்டு பிரேசில் பாட்டைப் பற்றித் தமிழில் சண்டை போடும் குழு வேறு எங்காவது இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பெயர்கள் வாயில் நுழையாததால் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்தாய். பச்சைத் தலைமுடிப் பாடகன் உனக்குக் கிளி. எழுபது வயதில் புது சம்பா ரெக்கார்டு போட்டவர் பெரியப்பா. பெலேம் ஊர் கிதார்காரனை நான் ஆகா ஓகோ என்றபோது, "இது நம்ம நையாண்டி மேளந்தான் மாப்ள, அவன் கிதார்ல வாசிக்கிறான், அம்புட்டுத்தான்" என்றாய். எனக்கு முகம் செத்துவிட்டது. அடுத்த தடவை கேட்டபோது நையாண்டி மேளமாகவே கேட்டது. உன்னோடு பழகியதில் எனக்கு இதுதான் தீராத தொல்லை. நீ ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அது அப்படித்தான் கேட்கும்.

நான் பிரேசில்காரர்கள் பேசும் போர்த்துக்கீசியம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தபோது நீ செய்த கேலியையும் நான் மறக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது போனைப் பார்த்துப் படித்தேன். ஸ்கேனுக்கு ஆள் வராத நேரத்தில் படித்தேன். இரண்டு வருடம். நீயோ, "பாட்டுக்கு அர்த்தம் எதுக்குடா? எங்க வீட்ல எங்கம்மா சௌராஷ்டிராவுல என்னையத் திட்டுறப்ப உனக்கு ஒரு வார்த்தை புரியுதா? ஆனா திட்டுதுன்னு தெரியுதுல்ல?" என்று கேட்டுக் குழுவில் எல்லாரையும் சிரிக்க வைத்தாய். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே வெந்துகொண்டிருந்தது.

ஏனென்றால் எனக்கு என்று இருந்தது அது ஒன்றுதான். காது உன்னுடையது. இருபது வருடம் ஸ்பீக்கரோடு வாழ்ந்தவன் நீ. நான் நெஞ்செலும்பையும் முதுகெலும்பையும் படம் எடுக்கிறவன். பாஷையிலாவது உன்னைவிட ஒரு படி மேலே நிற்கலாம் என்று ஆசைப்பட்டேன்.

அப்போதுதான் அவளை நான் கண்டுபிடித்தேன். நான், நீ இல்லை. பாடகி, ரெசிஃபே நகருக்கு வெளியே ஏதோ ஒரு கடலோர ஊர்க்காரி, முதல் ரெக்கார்டு. அட்டையில் மீன்பெட்டி மேல் உட்கார்ந்திருந்ததால் அவளுக்கு மீன்பெட்டிக்காரி என்று பெயர் வைத்தாய். மூன்றாவது பாட்டில் தோளில் தொங்கவிட்டு அடிக்கும் பெரிய மேளம் வரும். தன் மாமன்மார் கோஷ்டி கடற்கரையில் நின்று வாசித்தது என்று அவளே ரெக்கார்டுக் குறிப்பில் எழுதியிருந்தாள். அந்தப் பாட்டைக் கேட்டு நான் அழுதேன். உன்னிடம் சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் அவள் பாஷையில் எழுதினேன். பதில் வந்தது. எழுதி எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இருபது நிமிடம் நம் குழுவோடு வீடியோவில் பேச ஒத்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் நானாக நடத்திய விசேஷம் அது.

உன் குடோனில்தான் டிவி வைத்தோம். ஆறு பேர் வந்தார்கள். பேங்க்கில் இருக்கும் குமரவேல் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். காலேஜில் பாடம் எடுக்கும் செல்வி டீச்சர் எல்லாருக்கும் பணியாரம் கொண்டுவந்தார். நான் புதுச்சட்டை போட்டிருந்தேன். அவள் வந்தாள், சிரித்தாள், நான் ஒவ்வொருவர் கேள்வியையும் அவள் பாஷையில் சொல்ல, அவள் பதிலைத் தமிழில் சொன்னேன். ஒரு தடங்கல் இல்லை. பத்து நிமிடம் நான் தரையில் இல்லை.

நீ கடைசியாகக் கேட்டாய். "அந்த மூணாவது பாட்டு மேளம் கையால அடிச்சது இல்ல. அடியில ஒரு துண்ட வெட்டி மிஷின்ல ஒட்டி ஒட்டி ஓட்டிருக்காங்க. எட்டு அடிக்கு ஒருக்கா குச்சி விளிம்புல படுற சத்தம் அச்சு மாறாம வருது. மனுசன் கை ரெண்டு தடவ ஒரே மாதிரி விழாது. மாமன் வாசிச்சாருன்னு ஏன் எழுதுனீங்கன்னு கேளு மாப்ள."

நான் கேட்கவில்லை. அந்த மேளம் அவருக்கு மிகவும் பிடித்திருக்கிறது, உங்கள் மாமன்மாருக்கு மதுரையிலிருந்து வணக்கம் சொல்கிறார் என்று சொன்னேன். அவள் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள். நீ அவள் முகத்தைப் பார்த்தாய். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாய். பிறகு உனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மேடம், டிரம், மெஷின்?" என்றாய். இவர் என்ன சொல்கிறார் என்று அவள் என்னிடம் கேட்டாள். மைக்கைப் பற்றிக் கேட்கிறார் என்றேன். அது இரண்டாவது பொய். அவள் மைக்கைப் பற்றி நான்கு நிமிடம் பேசினாள்.

டிவியை அணைத்த உடனே, பணியாரத் தட்டு கையில் இருக்கும்போதே, எல்லார் முன்னாலும் கேட்டாய். "ஏன் மாத்திச் சொன்ன?"

"மாத்தல. நீ சொன்னதத்தான் சொன்னேன்."

"பொய் சொல்லாத. வர்ற யாவாரிக்கு எங்கப்பாவோட சௌராஷ்டிராப் பேச்சத் தமிழ்ல மாத்திச் சொல்லியே வளந்தவன் நான். எத்தன தடவ பேச்சுல பாதிய நானே முழுங்கிருக்கேன். முழுங்குற மூஞ்சி எனக்குத் தெரியும்."

"உனக்கு அந்தப் பாஷை தெரியுமா? ஒரு வார்த்தை தெரியுமா? தெரியாம எப்படிச் சொல்ற?" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "நான் கண்டுபிடிச்ச ஆளு. என்னால நடந்துச்சு. உனக்குப் பொறாமை" என்றும் சொன்னேன். யாரும் உன் பக்கம் பேசவில்லை. பாஷை தெரிந்தவன் நான் ஒருவன்தானே. குமரவேல் உன் தோளில் கை வைத்து, "விடுங்கண்ணே, அவரு கஷ்டப்பட்டு ஏற்பாடு பண்ணிருக்காரு" என்றான். நீ அவன் கையைத் தட்டிவிட்டு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாய். அன்று முதல் குழுவில் நீ பொறாமைக்காரன் ஆனாய்.

மறுநாள் போன் பண்ணினாய். ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. "நேத்துப் பேசுனது பூராவும் என் போன்ல பதிவாகிருக்கு. பாஷை தெரிஞ்சவன் எவங்கிட்ட குடுத்தாலும் சொல்லிருவான். நான் குடுக்க மாட்டேன். நீயே சொல்லு." வைத்துவிட்டாய்.

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பதிவைக் குழுவில் போட்டிருந்தால் ஒரு நாள் அவமானம், ஒரு வாரம் கேலி, முடிந்திருக்கும். நானும் உன்னைத் திட்டிவிட்டு ஒரு மாதத்தில் குடோனுக்கு வந்திருப்பேன். நீ பெரிய மனிதனாக ஒதுங்கிக்கொண்டாய். எட்டு மாதம். குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை, குழுவை விட்டுப் போகவும் இல்லை. நான் போடும் ஒவ்வொரு பதிவையும் நீ கேட்டாய் என்பது மட்டும் போனில் தெரியும். பதிவு செய்யும்போதெல்லாம் பாதியில் நிறுத்தித் திரும்ப ஆரம்பித்தேன். உனக்கு அது தெரிந்திருக்கும். தெரிந்துதான் செய்தாய் என்று இன்றும் நினைக்கிறேன்.

பங்குனியில், ஒரு மண்டபத்து வாசலில் வேனிலிருந்து பெட்டியை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய் என்று குமரவேல் சொன்னான். வந்தேன். உன் சனங்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்து உங்கள் பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தையும் புரியாமல், என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நின்றேன். உன் மனைவி என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "வாங்கண்ணே. வெள்ளிக்கெழமையானா கதவத் தொறந்து வச்சுட்டுத்தான் உக்காந்திருப்பாரு. நீங்க வருவீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றார். என் கண் உன் போனைத் தேடிக்கொண்டிருந்தது. ஆமாம், உன் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று அதைத்தான் தேடினேன். நானாகக் கேட்டும்விட்டேன். "விழுந்தப்பவே நொறுங்கிப்போச்சுண்ணே" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ செத்த வீட்டில், உன் மனைவி எதிரில், எனக்கு நிம்மதி. என்னை அந்த மாதிரி ஆள் ஆக்கிவிட்டுப் போய்விட்டாய். பொய் என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். அதை எட்டு மாதம் ஊறவைத்தது நீ.

போன வெள்ளிக்கிழமை மீன்பெட்டிக்காரியின் இரண்டாவது ரெக்கார்டு வந்தது. இப்போதெல்லாம் கே.கே. நகரில் குமரவேல் வீட்டில்தான் கேட்கிறோம். குழாயும் கிடையாது, பெட்டியும் கிடையாது, அலமாரியில் ஒரு சின்ன ஸ்பீக்கர். ஒரு தடவைதான் கேட்பது. நாலாவது பாட்டில் மேளம் வந்தது. "அவரு இருந்திருந்தா இதயும் மிஷினுன்னு சொல்லிருப்பாரு" என்றான் குமரவேல். எல்லாரும் சிரித்தார்கள். வஞ்சனை இல்லாத சிரிப்புதான். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். அப்போது ஓர் அடி பிந்தி விழுந்தது. அடுத்தது கொஞ்சம் அழுத்தி விழுந்தது. யாரோ ஒருவருக்குக் கை வலிக்க ஆரம்பித்திருந்தது. இது மனிதன் வாசித்தது என்று தெரிந்தவுடன், அந்த மூன்றாவது பாட்டில் அடித்தது எது என்பதும் தெரிந்துபோனது. முதல் ரெக்கார்டை நூறு தடவை கேட்டு எனக்குப் பிடிபடாதது, இப்போது மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாலே கேட்டது. எட்டு அடிக்கு ஒரு தடவை, அச்சு மாறாமல், விளிம்பில் குச்சி. நான் அழுத பாட்டை இனி என்னால் கேட்க முடியாது. அதையும் நீதான் எடுத்துக்கொண்டு போனாய்.

பாட்டை நிறுத்தச் சொன்னேன். "அன்னைக்கு அவன் கேட்டத நான் அந்தப் பொண்ணுகிட்டக் கேக்கல. மாத்திச் சொன்னேன். ரெண்டு தடவ. அவன் சொன்னது நெசம். பொறாமையெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன். எட்டு மாதமும் அதற்குமேல் ஐந்து மாதமும் ஒத்திகை பார்த்த வார்த்தைகள்.

குமரவேல் என்னையே பார்த்தான். பிறகு, "சரிண்ணே, விடுங்க. அஞ்சாவதப் போடவா?" என்றான். செல்வி டீச்சர் மட்டும், உண்மையாகவே புரியாமல், கேட்டார். "இதுக்காகவா ரெண்டு பேரும் பேசாம இருந்தீங்க?"

ஆமாம் டீச்சர், இதுக்காகத்தான் என்றேன். அதற்குள் அஞ்சாவது பாட்டு ஆரம்பித்துவிட்டது, எல்லாரும் அதற்குள் போய்விட்டார்கள். ஒரு மேளம் கையால் அடித்ததா இல்லையா என்பதற்கு ஒரு சிநேகிதத்தையே கொடுக்கலாம் என்று நினைத்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். அதில் ஒருவன் பாதியில் எழுந்து போய்விட்டான். மிச்சம் இருக்கிறவன் நான், அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, அதைக் கேட்க வேண்டிய ஆள் இல்லாமல். இதற்கு மட்டும் உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை மாப்ள.