செல்லையாவின் தீனி

நிலவின் மறுபக்க ஆய்வு நிலையம். பணிக்குறிப்பு: காந்திமதிநாதன், மண்ணியல் ஆய்வாளர்.

நாள் 1, காலை 7.10
காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. சிறுநீரகக் கல் தொல்லையால் டாக்டர் ஸ்டெல்லா புஷ்பம் நேற்றுப் பூமிக்குப் புறப்பட்டுவிட்டார். இனி நிலையத்தில் நான் ஒருவன்தான். தொண்ணூறு நாளில் மாற்றுக் குழு வரும். அதுவரை அவருடைய செல்லத் தவளை செல்லையாவை உயிரோடு வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். எட்டு வருடமாக வளர்க்கிறாராம். உள்ளங்கையை நிறைக்கும் உருண்டை, எப்போதும் ஈரம். அதற்கு உணவு ஒரு பெட்டி நிறைய உயிருள்ள சுவர்க்கோழிகள், இரவெல்லாம் கிரீச்சிடும் பூச்சிகள். கோழி என்ற பெயரே போதும் எனக்குக் குமட்ட. முட்டையைக்கூட வாசல் தாண்ட விடாத குடும்பம் எங்களுடையது.

நாள் 2, காலை 8.00
இடுக்கியால் ஒன்றைப் பிடித்தேன். பூச்சி ஓடிவிட்டது, கால் மட்டும் இடுக்கியில் துடித்தது. வாந்தி எடுத்தேன். பிறகு பத்துப் பூச்சிகளை உறைபெட்டியில் வைத்துக் கொன்று பரிமாறினேன். செல்லையா திரும்பியும் பார்க்கவில்லை.

நாள் 5, காலை 9.25
இன்றும் பட்டினி. புஷ்பத்திடமிருந்து பதில் வந்தது:
"அண்ணாச்சி, செத்தத அவன் சீந்தவே மாட்டான். அசைஞ்சாத்தான் அவனுக்குத் தீனி. உயிரோட போடுங்க. மிச்சம் மட்டும் வச்சிராதிய, என்னா? மிச்சம் வச்சா…"
துணைக்கோள் பழுது. இணைப்பு போய்விட்டது.
அசைந்தால்தான் தீனியாம். அசைவம் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.

நாள் 5, காலை 11.40
மிச்சம் வைக்கக் கூடாதென்றால் வைக்கவில்லை. ஒரே தடவையில் சனியன் தொலையட்டும் என்று, பெட்டியில் இருந்த முந்நூறையும் செல்லையாவின் தொட்டிக்குள் கவிழ்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. மூடியை அழுத்திவிட்டு ஓடிவந்து கையைப் பதினோரு முறை கழுவினேன்.

நாள் 6, காலை 7.00
செல்லையா ஏழெட்டைத் தின்றிருக்கிறான். மிச்சம் அவனைத் தின்றுகொண்டிருந்தது. பின்னங்காலில் தோல் இல்லை. இமையில் இரண்டு உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தன. அவனை வெறுங்கையால் அள்ளி எடுத்தேன்.
தொட்டியில் மிச்சம் விடாதே என்றிருக்கிறார். பெட்டியில் என்று நான் எடுத்துக்கொண்டேன், என் அருவருப்புக்கு அதுதான் வசதியாக இருந்தது. மூடி சரியாக உட்காரவில்லை. பாதிப் பூச்சிகள் சுவருக்குள் போய்விட்டன.

நாள் 38, மதியம் 1.15
குஞ்சுகள். காற்றுக்குழாயில், காலணியில், தலையணை உறைக்குள். இன்று பொட்டலத்தைப் பிரித்தால் ரசப்பொடி நகர்கிறது. செல்லையாவின் புண் ஆறிவிட்டது. அவனுக்கு நானே வெறுங்கையால் பிடித்து ஊட்டுகிறேன். கை பழகிவிட்டது, வயிறு பழகவில்லை.

நாள் 52, மாலை 4.30
கம்பிகளின் உறையைக் கடித்துவிட்டன. காற்றுச் சுத்திகரிப்பின் இரண்டு விசிறியும் நின்றன. கரியமில வாயு ஏறுகிறது. தலை பிளக்கிறது. ஒரு நிமிடம் இணைப்பு கிடைத்தது, நிலைமையைச் சொன்னேன்:
"அண்ணாச்சி, ஒங்க பேச்சே வரலன்னு மீட்புக் கலம் கெளம்பிட்டு. மூணு நாளு பொறுங்க. அசையாம படுங்க, மூச்சு மிச்சமாவும். செல்லையா இருக்கானா?"
இருக்கிறான் என்றேன். அழுதார்.

நாள் 53, காலை 10.05, குரல் பதிவு
அசையாமல் படுத்திருக்கிறேன். செல்லையாவுக்கு அசைவதுதான் தீனி. இவற்றுக்கு அசையாததே போதும் போலிருக்கிறது. கால் பெருவிரலில் ஆரம்பித்திருக்கின்றன. சீ. உதறினேன். உதறினால் மூச்சு முட்டுகிறது.

நாள் 54, காலை 8.20, குரல் பதிவு
இனி கை எழாது. அதற்கு முன்பே செல்லையாவை நெஞ்சில் வைத்துக்கொண்டேன். ஈரம், கனம். என்னிடம் வருகிறவற்றை அவன் தின்கிறான். அந்தச் சளக் சத்தம் தாடைக்குக் கீழேயே கேட்கிறது. அருவருப்பில்லை என்று சொன்னால் பொய். தின்னுடா ராசா, தின்னு.

நாள் 54, மதியம் 2.10, குரல் பதிவு
செல்லையாவுக்கு வயிறு நிறைந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டான்.
உதட்டில் ஒன்று. புஷ்பம், அவன் நன்றாக இருக்கிறான். மிச்சம்தான் இன்னும் நிறைய